சாலையைக் கடக்கும் வனவிலங்குகள்: தில்லியிலிருந்து புறப்படும் விரைவுச்சாலைகள் கற்றுத்தரும் பாடம் என்ன?

புதுதில்லி: தலைநகர் தில்லியின் தென் எல்லையில், ஆரவல்லிக் குன்றுகளின் ஊடே குருகிராமையும் ஃபரீதாபாத்தையும் இணைக்கும் சாலை செல்கிறது. பகலில் அலுவலகம் செல்வோரின் வாகனங்களும் சரக்கு லாரிகளும் நிறைந்திருக்கும் இந்தச் சாலையை, இருள் கவிந்த பிறகு சிறுத்தை, நரி, முள்ளம்பன்றி, நீலகாய் ஆகிய விலங்குகளும் கடக்கின்றன. கடந்த பத்தாண்டுகளில் இந்தச் சாலையில் வாகனம் மோதிச் சிறுத்தைகள் உயிரிழந்த சம்பவங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பதிவாகியுள்ளன.

இதே தலைநகர் வட்டாரத்திலிருந்து புறப்படும் இரண்டு புதிய விரைவுச்சாலைகளில், நாட்டின் மிகப் பெரிய வனவிலங்குப் பாதைகள் அமைக்கப்பட்டுள்ளன. தில்லி – மும்பை விரைவுச்சாலையில் ரந்தம்பூர் அருகே புலிகளுக்காக மேம்பாலங்கள் உள்ளன. தில்லி – டேராடூன் விரைவுச்சாலையில் யானைகளுக்காகச் சாலையே 12 கி.மீ. நீளத்துக்குத் தூண்களின் மீது உயர்த்தப்பட்டுள்ளது.

விலங்குகளுக்கான இந்தப் பாதைகள் எப்படிச் செயல்படுகின்றன? அவை உண்மையில் பயன் தருகின்றனவா? தொலைவிலுள்ள காடுகளில் செய்ய முடிந்ததைத் தலைநகரின் வாசலிலேயே செய்ய முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

தில்லிக்குள் ஒரு காடு

தில்லியின் தென்கோடியில் 32.71 சதுர கி.மீ. பரப்பில் அமைந்துள்ளது அசோலா பட்டி வனவிலங்கு சரணாலயம். 1986-இல் அசோலா உள்ளிட்ட கிராம நிலங்களும், 1991-இல் பட்டி பகுதியும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. ஒரு காலத்தில் மண்ணும் கல்லும் வெட்டியெடுக்கப்பட்ட சுரங்க நிலம், இன்று முட்புதர்க் காடாக மீண்டிருக்கிறது.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் தில்லி வனத்துறையும் இணைந்து தானியங்கிக் கேமராக்கள் மூலம் மேற்கொண்ட ஆய்வில், இந்தச் சரணாலயத்தில் 8 சிறுத்தைகள் நடமாடுவது தெரியவந்தது. இந்த விவரம் 2022-இல் வெளியானது. ஏறத்தாழ இரண்டு கோடி மக்கள் வாழும் பெருநகரின் எல்லைக்குள் சிறுத்தைகள் வாழ்வது உலக அளவில் அரிதான நிகழ்வு.

ஆனால் 32 சதுர கி.மீ. என்பது சிறுத்தைகளுக்குப் போதுமான பரப்பு அன்று. சரணாலயத்தின் எல்லையைத் தாண்டினால் ஹரியாணாவின் மாங்கர் வனப்பகுதி, அதற்கப்பால் தம்தமா, அங்கிருந்து தெற்கே ஆரவல்லித் தொடர் ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகம் வரை நீள்கிறது. வன ஆர்வலர்கள் இதை அசோலா – சரிஸ்கா வழித்தடம் என்கின்றனர். இந்த வழித்தடத்தைத்தான் குருகிராம் – ஃபரீதாபாத் சாலை உள்ளிட்ட பல சாலைகள் குறுக்கே வெட்டுகின்றன.

விலங்குகள் இப்போதும் நெடுந்தொலைவு நடக்கின்றன என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. 2024-ஆம் ஆண்டில், சரிஸ்காவிலிருந்து வெளியேறிய இளம் ஆண் புலி ஒன்று ஹரியாணாவின் ரேவாரி மாவட்டம் வரை வந்து சேர்ந்தது.

ஏன் கடக்கின்றன?

வனவிலங்குகள் வழிதவறிச் சாலைக்கு வருகின்றன என்பது பொதுவான எண்ணம். உண்மையில் பெரும்பாலான விலங்குகள் தங்கள் வழக்கமான தடத்தில்தான் நடக்கின்றன. அந்தத் தடத்தின் குறுக்கே பின்னர் போடப்பட்டதுதான் சாலை. தண்ணீர் தேடியும், மேய்ச்சலுக்காகவும், இணை தேடியும் அவை இடம்பெயர்கின்றன. வளர்ந்த ஆண் புலிக்குட்டியும் சிறுத்தைக்குட்டியும் தாயின் எல்லையை விட்டு வெளியேறித் தமக்கென ஒரு நிலப்பகுதியைத் தேடியே ஆக வேண்டும். அவ்வாறு செல்லும் இளம் விலங்குகளே சாலைகளில் அதிகம் அடிபடும் நிலையில் உள்ளன.

மோதல் மட்டுமே ஆபத்து அன்று. போக்குவரத்து மிகுந்த அகன்ற சாலையைப் பல விலங்குகள் நெருங்கவே அஞ்சுகின்றன. அப்போது சாலை ஒரு சுவராகிவிடுகிறது. இருபுறமும் பிரிந்து நிற்கும் சிறு கூட்டங்கள் தமக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யும்போது மரபணு வளம் குன்றுகிறது. நோயோ வறட்சியோ ஏற்பட்டால் அந்தக் கூட்டம் முழுவதுமாக அழிந்துபோகும் வாய்ப்பு கூடுகிறது. சாலையில் ஓர் உடல்கூடக் கிடக்காத நிலையிலும், அந்தச் சாலை ஒரு காட்டை மெல்ல வெறுமையாக்க முடியும்.

இரவில் ஆபத்து இரட்டிப்பாகிறது. இருளில் பார்க்கும் திறன் கொண்ட விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உள்ளது. முகப்பு விளக்கின் கண் கூசும் வெளிச்சத்தில் அவை திகைத்து நடுச்சாலையில் அப்படியே நின்றுவிடுகின்றன. சாலையின் நடுவே கட்டப்படும் சிமென்ட் தடுப்புச் சுவரும் தீங்கு செய்கிறது. பாதி தூரம் கடந்த விலங்கு, சுவரில் முட்டித் திரும்பும்போது வாகனத்தில் சிக்குகிறது.

வழிகாட்டிய பெஞ்ச்

இந்தியாவில் இந்தச் சிக்கலுக்குப் பெரிய அளவில் தீர்வு காணப்பட்ட முதல் முக்கிய இடம், மத்தியப் பிரதேச – மகாராஷ்டிர எல்லையில் உள்ள பெஞ்ச் புலிகள் காப்பகம். ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44 இந்தக் காட்டின் ஊடே செல்கிறது. அதை நான்கு வழிச் சாலையாக விரிவுபடுத்தும் திட்டம், புலிகளின் வழித்தடத்தைத் துண்டித்துவிடும் என்று எதிர்ப்பு எழுந்து, பல ஆண்டுகள் நீதிமன்ற வழக்காக நீடித்தது.

இறுதியில், விலங்குகள் கீழே நடந்து செல்லும் வகையில் சாலையை உயர்த்திக் கட்டுவது என்று முடிவாகியது. டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் எந்தெந்த இடங்களில் விலங்குகள் கடக்கின்றன என்று ஆராய்ந்து பரிந்துரை அளித்தது. மகாராஷ்டிரப் பகுதியில் 5 கீழ்வழிப் பாதைகளும் 4 சிறு பாலங்களுமாக 9 கட்டமைப்புகள் எழுப்பப்பட்டன. இவற்றின் நீளம் 50 மீட்டரிலிருந்து 750 மீட்டர் வரை.

2019-இல் அந்நிறுவனம் இந்த 9 இடங்களிலும் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்திப் பத்து மாதங்கள் கண்காணித்தது. வனவிலங்குகளின் 5,450 படங்கள் பதிவாகின. 18 வகை விலங்குகள் அந்தப் பாதைகளைப் பயன்படுத்தின. புள்ளிமான்களே மிக அதிகம். புலிகள் மட்டும் 89 முறை கடந்தன. வரிகளின் அமைப்பைக் கொண்டு ஆராய்ந்தபோது அவை 11 தனித்தனிப் புலிகள் என்பது உறுதியானது. செந்நாய்களும் இப்பாதைகளில் நடந்தன. தலைக்கு மேலே லாரிகள் ஓடும்போதும், காட்டின் உச்ச வேட்டையாடி விலங்கு கீழே நடந்து செல்லும் என்பதை அந்தப் படங்கள் மெய்ப்பித்தன.

மத்தியப் பிரதேசப் பகுதியில் சிவனி முதல் கவாசா வரையிலான சுமார் 29 கி.மீ. நீளச் சாலையிலும் கீழ்வழிப் பாதைகள் அமைக்கப்பட்டன. அங்கே கூடுதலாக, வாகனங்களின் இரைச்சலும் வெளிச்சமும் காட்டுக்குள் பரவாதபடி எஃகுத் தடுப்புகள் பொருத்தப்பட்டுள்ளன.

மேலே காடு, கீழே சாலை

பெஞ்சில் சாலை மேலே, விலங்கு கீழே. தில்லி – மும்பை விரைவுச்சாலையில் இந்த முறை தலைகீழாக்கப்பட்டது. சுமார் 1,350 கி.மீ. நீளமுள்ள இந்தச் சாலைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. முதற்கட்டமாக சோஹ்னா முதல் தௌசா வரையிலான 246 கி.மீ. பகுதி 2023 பிப்ரவரி 12 அன்று திறக்கப்பட்டது.

ராஜஸ்தானில் ரந்தம்பூர் புலிகள் காப்பகத்தின் இடைநிலைப் பகுதியை இந்தச் சாலை கடக்கிறது. அங்கே ஐந்து இடங்களில் வாகனங்கள் கீழே செல்ல, அவற்றின் மேல் மண் பரப்பி, மரஞ்செடிகள் வளர்த்து, நிலத்தின் இயல்பான தோற்றத்துடன் விலங்கு மேம்பாலங்கள் அமைக்கப்பட்டுள்ளன. இவை தவிர 1.2 கி.மீ. நீளமுள்ள கீழ்வழிப் பாதையும் உண்டு. விலங்குகள் சாலையில் இறங்காதபடி எல்லைச் சுவர்களும் ஒலித் தடுப்புகளும் கட்டப்பட்டுள்ளன. இதே சாலையில் கோட்டா அருகே முகுந்தரா மலைப் புலிகள் காப்பகத்தின் அடியில் 4.9 கி.மீ. நீள எட்டு வழிச் சுரங்கம் திட்டமிடப்பட்டு, பணிகள் தொடங்கப்பட்டன. சாலையே பூமிக்கடியில் சென்றுவிட்டால் மேலேயுள்ள காடு துண்டாகாது என்பதே இதன் நோக்கம்.

யானைக்காக உயர்ந்த சாலை

தில்லி – டேராடூன் விரைவுச்சாலைக்கு 2021 டிசம்பர் 4 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஆறு மணி நேரப் பயணத்தை இரண்டரை மணி நேரமாகக் குறைப்பது இதன் இலக்கு. சஹாரன்பூர் மாவட்டம் கணேஷ்பூரிலிருந்து டேராடூன் வரையிலான இறுதிப் பகுதி, சிவாலிக் மலைக்காடுகளையும் ராஜாஜி புலிகள் காப்பகத்தையும் ஒட்டிச் செல்கிறது. யானைகள் நடமாடும் இந்தப் பகுதியில் சாலை 12 கி.மீ. நீளத்துக்கு உயர்த்தப்பட்டுள்ளது. ஆசியாவின் மிக நீளமான உயர்மட்ட வனவிலங்கு வழித்தடம் என்று அரசு இதைக் குறிப்பிடுகிறது.

எனினும் இந்தத் திட்டம் விமர்சனமின்றி நிறைவேறவில்லை. ஏறத்தாழ 11,000 மரங்களை வெட்ட வேண்டியிருந்ததால், டேராடூனைச் சேர்ந்த சூழலியல் அமைப்பினர் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் அணுகினர். பழமையான சால மரங்களை இழந்து பெறும் வழித்தடம் எத்தகைய பாதுகாப்பு என்பது அவர்களின் கேள்வி. பழைய சாலை தரைமட்டத்திலேயே விரிவாக்கப்பட்டிருந்தால் காடு நிரந்தரமாக இரண்டாகப் பிளந்திருக்கும் என்பது மறுதரப்பின் வாதம். விலங்குப் பாதை சாலையின் பாதிப்பைக் குறைக்கும். முழுவதுமாக நீக்கிவிடாது என்பதை இந்த வழக்கு நினைவூட்டியது.

வேலியும் பாதையும்

பாலத்தைக் கட்டிவிட்டால் விலங்குகள் தாமாக அதைத் தேடி வந்துவிடும் என்று கருதுவது தவறு. உலகில் மிக நீண்ட காலமாக ஆராயப்பட்டுவரும் எடுத்துக்காட்டு, கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்கா. அதன் ஊடே செல்லும் நெடுஞ்சாலையின் இருபுறமும் உயரமான வேலி அமைக்கப்பட்டு, 6 மேம்பாலங்களும் 38 கீழ்வழிப் பாதைகளும் கட்டப்பட்டன. அதன் பிறகு பெரிய விலங்குகளுடனான மோதல்கள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன.

அங்கு கிடைத்த அனுபவம் சில அடிப்படை விதிகளைத் தெளிவாக்கியது.

முதலாவது, இடத்தேர்வு. பொறியாளருக்கு வசதியான இடத்தில் பாதை அமைந்தால் போதாது. காலடித் தடம், எச்சம், கேமராப் பதிவு, விபத்து நடந்த இடங்கள் ஆகியவற்றைக் கொண்டு விலங்கின் தடத்தைக் கண்டறிந்து, அங்கேயே பாதை அமைக்க வேண்டும்.

இரண்டாவது, வேலி. பாதையின் வாயிலுக்கு விலங்கை அழைத்துவருவது வேலியே. வேலி குறுகியதாக இருந்தால் விலங்குகள் அதன் முனையைச் சுற்றிக்கொண்டு சாலைக்கு வந்துவிடும். வேலிக்கு உள்ளே சிக்கிய விலங்கு வெளியேற மண் சரிவுகளும் தேவை.

மூன்றாவது, விலங்குக்கு ஏற்ற வடிவம். யானைக்கு உயரமும், மறுபக்கம் கண்ணுக்குத் தெரியும் திறந்தவெளியும் தேவை. மான்கள் இருண்ட, குறுகிய வழிகளைத் தவிர்க்கும். முள்ளம்பன்றி, மரநாய், ஆமை, தவளை போன்றவற்றுக்குச் சாலையின் அடியில் உள்ள சிறு மதகே போதும். மழைக்காலத்திலும் நடக்க அதன் ஓரத்தில் உலர்ந்த திட்டு இருக்க வேண்டும்.

நான்காவது, பொறுமை. பான்ஃபில் பழுப்புக் கரடிகள் புதிய பாதைகளுக்குப் பழக ஐந்து ஆண்டுகள் வரை எடுத்துக்கொண்டன. திறப்பு விழா முடிந்த சில மாதங்களிலேயே திட்டம் தோல்வி என்று முடிவு கட்ட முடியாது.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: பாதையின் இரு முனையிலும் காடு இருக்க வேண்டும். மறுமுனையில் விடுதியோ, வீட்டு மனையோ, குப்பை மேடோ வந்துவிட்டால், எத்தனை கோடி ரூபாய் செலவிட்ட பாலமும் எங்கும் இட்டுச் செல்லாது.

தமிழகத்தின் அனுபவம்

எல்லா இடங்களிலும் பாலமே தீர்வு என்பதில்லை. நேரக் கட்டுப்பாடும் பயன் தருகிறது. கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்லும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை நடைமுறையில் உள்ளது. அவசர ஊர்திகளுக்கும் குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. வயநாட்டின் வணிகமும் பயணமும் பாதிக்கப்படுவதாகக் கேரளம் தொடர்ந்து எதிர்ப்புத் தெரிவித்துவருகிறது.

தமிழகத்தில், சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஊடே திம்பம் மலைப்பாதை வழியாகச் செல்லும் பண்ணாரி – காரப்பள்ளம் சாலையில், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு அமலுக்கு வந்தது. வாகனங்கள் மோதி விலங்குகள் தொடர்ந்து உயிரிழந்ததே இந்த உத்தரவுக்குக் காரணம்.

ஆனைமலையில் முறை வேறு. வால்பாறையின் புதுத்தோட்டம் பகுதியில் மரங்கள் அடர்ந்த காட்டுத் துண்டுகளுக்கிடையே சாலை செல்வதால், மரத்திலேயே வாழும் சிங்கவால் குரங்குகள் தரையிறங்கிச் சாலையைக் கடக்க நேர்ந்தது. இருபுற மரங்களையும் இணைத்து, சாலைக்கு மேலே தொங்கு பாலங்கள் கட்டப்பட்டன. தீயணைப்புக் குழாய்த் துணி போன்ற எளிய பொருள்களால் ஆன இப்பாலங்களைக் குரங்குகள் பயன்படுத்துகின்றன. பெருஞ்செலவின்றியும் உயிர்களைக் காக்க முடியும் என்பதற்கு இது சான்று.

தலைநகரின் எல்லையில்

பந்திப்பூர் முறையைக் குருகிராம் – ஃபரீதாபாத் சாலையில் அப்படியே பின்பற்ற முடியாது. இரவுப் பணிக்குச் செல்வோர், மருத்துவமனைக்கு விரைவோர், விமான நிலையம் செல்வோர் எனப் பலரும் இந்தச் சாலையை நம்பியுள்ளனர். எனவே விலங்குப் பாதை, வேலி, வேகக் கட்டுப்பாடு ஆகிய மூன்றையும் இணைத்தே இங்கு சிந்திக்க வேண்டியுள்ளது. இந்தச் சாலையில் சிறுத்தைகளுக்குக் கீழ்வழிப் பாதை அமைக்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக எழுப்பப்பட்டுவருகிறது.

இங்கு யானைக்குரிய உயரமோ, 12 கி.மீ. நீளமோ தேவையில்லை. சிறுத்தையும் நரியும் ஒப்பீட்டளவில் சிறிய பாதைகளையும் ஏற்றுக்கொள்ளும். சாலைக்கு அடியில் ஏற்கெனவே உள்ள ஓடைப் பாலங்களையும் மதகுகளையும் தூர்வாரி, குப்பை அகற்றி, இருபுறமும் வேலியால் வழிகாட்டினாலே தொடக்கம் அமையும். கீழே தெருநாய்களும் மனித நடமாட்டமும் இல்லாமல் பார்த்துக்கொள்வது அதைவிடக் கடினமான பணி.

நிர்வாகச் சிக்கலும் உண்டு. சரணாலயம் தில்லி அரசின் கீழும், அதை ஒட்டிய மாங்கர் வனப்பகுதி ஹரியாணா அரசின் கீழும் உள்ளன. புலிகள் காப்பகங்களையும் அவற்றை இணைக்கும் பகுதிகளையும் பொறுத்தவரை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தேசிய புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் ஆலோசனையும் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் கட்டாயம். பெஞ்சிலும் ரந்தம்பூரிலும் பாலங்கள் எழுந்ததற்குப் புலிக்குக் கிடைக்கும் இந்தச் சட்டக் காப்பும் ஒரு காரணம். புலிகள் காப்பகத்துக்கு வெளியே, இரு மாநில எல்லையில் வாழும் சிறுத்தைக்கு அத்தகைய வலுவான கவசம் இல்லை.

வாகன ஓட்டிகள் செய்ய வேண்டியவை

கட்டமைப்புகள் வரும்வரை, வனப்பகுதிச் சாலைகளில் விலங்குகளின் உயிர் வாகன ஓட்டியின் கையில்தான் உள்ளது. அந்தி முதல் விடியல் வரை வேகத்தைக் குறைப்பது முதல் கடமை. வேகம் கூடக் கூட, பிரேக் அழுத்திய பின் வாகனம் நிற்கும் தூரம் பல மடங்கு நீள்கிறது.

விலங்கு எதிர்ப்பட்டால் வாகனத்தை நிறுத்தி, முகப்பு விளக்கைத் தாழ்த்தி, ஒலிப்பானை அடிக்காமல் காத்திருக்க வேண்டும். ஒரு மான் கடந்தால் அதன் பின்னால் இன்னும் சில வரக்கூடும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். புகைப்படம் எடுக்க இறங்கக் கூடாது. சாலையோரத்தில் குரங்குகளுக்கு உணவு அளிப்பதும், மீந்த உணவை வீசுவதும் அவற்றைச் சாலைக்கே அழைத்துவந்து பலியிடுவதாகும். அடிபட்ட விலங்கைக் கண்டால் நெருங்காமல், வனத்துறைக்கோ காவல்துறைக்கோ உடனே தகவல் தர வேண்டும்.

புலியும் யானையும் பாதுகாப்பாகக் கடக்கும் சாலைகளை அமைக்கும் அறிவும் அனுபவமும் இந்தியாவில் இருப்பதைப் பெஞ்ச் பதிவுகள் காட்டுகின்றன. ஆரவல்லியின் நிலப்பகுதிகள் வீட்டு மனைகளாகவும் பண்ணை வீடுகளாகவும் மாறுவதற்கு முன், அந்த அறிவு அசோலாவின் சிறுத்தைகளுக்கும் பயன்படுத்தப்படுமா என்பதே தலைநகரின் முன் உள்ள கேள்வி. பாதையை எப்போது வேண்டுமானாலும் கட்டலாம். அது சென்று சேர வேண்டிய காட்டை மீண்டும் உருவாக்குவது எளிதன்று.